முப்பத்தொன்று வரை

மார்ச் 2

குருவி அப்பாவுக்கு,

குருவி அம்மா எழுதிக்கொள்வது. நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், அதனால் நலம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கால் மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருஷமாக இப்படித்தான் கூப்பிட்டேன். நம் குருவி போய்விட்டாள் என்பதற்காக நீங்கள் அவள் அப்பா இல்லையென்று ஆகிவிடுமா?

போனில் பேசினால் இரண்டு பேருக்கும் வார்த்தை வருவதில்லை. நீங்கள் "ம்" என்கிறீர்கள், நான் "ம்" என்கிறேன், அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். எழுது என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது நடுவில் நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டு வரலாம். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. தப்பு இருந்தால் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

ஜனவரியிலேயே தையல் கடைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் இருந்தால் சுவர் என்னையே பார்க்கிறது. கடையில் ஒரு நாளைக்கு இருபது பேன்ட்டுக்குக் கால் மடிக்கிறேன், நாலைந்து ஜாக்கெட்டுக்குத் தோள் இறக்குகிறேன். கத்தரி மாஸ்டர் வழக்கம்போல் திட்டுகிறார். முதல் வாரம் திட்டாமல் இருந்தார், அதுதான் பயமாக இருந்தது.

இன்னொரு வேலையும் முடித்தேன். இளைஞர் இசைக்குழுவில் அவளுக்குக் கொடுத்திருந்த, வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கிற வயோலாவை நீங்கள் வந்திருந்தபோதே ஒப்படைத்தோம் அல்லவா? அந்தக் கறுப்புப் பை மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இசைப் புத்தகம் மூன்று. அக்டோபர் கச்சேரிக்கு வயோலா வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒன்றாக வைத்து வாசிக்க வேண்டியது. இரவல் பொருள் வீட்டில் தங்கக் கூடாது. தூசி தட்டி, சுத்தம் பண்ணி, மடங்கிய ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் நீவி, கடையில் வாடிக்கையாளருக்குத் துணி கொடுப்பதுபோலவே கொடுத்தேன். நம் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

நெருப்புப் பக்கம் வேலை. கண்ணாடி மாட்டாமல் நிற்காதீர்கள்.

இப்படிக்கு,
குருவி அம்மா.

மார்ச் 20

குருவி அம்மாவுக்கு,

இடுப்பு பரவாயில்லை. உன் முட்டி வலி எப்படி? கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அறையில் எட்டுப் பேர். எல்லோரும் "வீட்டுல இருந்தா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்ல பையன்கள்.

ஒரு பெரிய கப்பல் பட்டறைக்குள் ஏறி நிற்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டு தகடு பற்றவைக்கிறேன். வேலை இருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரிவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவள் கையால் எழுதிய தாள் ஏதாவது ஒன்று இருந்தால் அனுப்பு. நானும் என் பெட்டியைக் கொட்டித் தேடிவிட்டேன். ஒரு வரி இல்லை. எல்லாம் போனில் தட்டி அனுப்பியது. பள்ளிக்கூடத்திலும் எல்லாம் கணினி. பழைய நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டதும் நாம்தான்.

அந்த இசைப் புத்தகத்தில் வயோலாக்காரர்கள் ஆறு பேருக்கும் தான்தான் பென்சிலால் குறி போடுவதாக ஒரு முறை பெருமையடித்தாள். நீ ஒப்படைத்தது அதுவாகத்தான் இருக்கும். கேட்டு ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினாலும் போதும். எனக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. அவள் கை பட்ட கோடு என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

குருவி அப்பா.

ஏப்ரல் 30

குருவி அப்பாவுக்கு,

இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. முட்டி மாடிப்படி ஏறும்போது மட்டும் கணக்குக் கேட்கிறது. பதில் போட நாற்பது நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கடையில் வேலை தலைக்குமேல். கல்லூரிப் பட்டமளிப்புக்கு அறுபது அங்கி வந்தது. அறுபதுக்கும் கீழோர மடிப்பு.

குளியலறைக் குழாய் சொட்டியது. வாஷர் வாங்கி நானே மாற்றினேன். இப்போதும் சொட்டுகிறது, ஆனால் மெதுவாக. கத்தரி மாஸ்டருக்கு முன்பல் இரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். திட்டுவதெல்லாம் பாதி காற்றாகப் போகிறது, ஒருத்தரும் பயப்படுவதில்லை. மேல்வீட்டு நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். அவள் தொட்டிச் செடிகள் நம் ஜன்னலில் இருக்கின்றன.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்ட தாளைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தபால் எடுக்கிற நேரம் ஆகிவிட்டது.

வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

குருவி அம்மா.

மே 12

குருவி அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று தெரிந்துகொண்டேன். குழாய் சொட்டுவதையும் தெரிந்துகொண்டேன். அங்கி அறுபது என்பதையும் தெரிந்துகொண்டேன். நான் கேட்டது அது இல்லை.

தரமாட்டேன் என்கிறார்களா? அப்படியென்றால் அந்த இசைக்குழு மாஸ்டரின் முகவரியை அனுப்பு, நானே எழுதுகிறேன். பெற்றவன் கேட்டால் ஒரு ஜெராக்ஸ் கொடுக்காமல் இருந்துவிடுவாரா, பார்க்கிறேன்.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் இடத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன் காலண்டர் மாட்ட வந்தான், விடவில்லை.

குருவி அப்பா.

மே 29

குருவி அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் அவருக்கு எழுத வேண்டாம். அவரிடம் ஒன்றும் இல்லை. அதை அழித்தவள் நான்.

எப்படி என்று சொல்கிறேன். பையில் மூன்று புத்தகம் இருந்தது. மூன்றிலும் ஒரே அச்சு. இரண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒன்று மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல். எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எத்தனை சாக்பீஸ் கோடு வேண்டுமானாலும் போட்டுத் தைத்துக்கொள், வாடிக்கையாளர் கைக்குத் துணி போகும்போது ஒரு கோடு இருக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அதுதான் பழக்கம். இரவல் புத்தகத்தைப் பிள்ளை அசிங்கம் பண்ணி வைத்திருக்கிறாளே என்றுதான் எனக்குப் பட்டது. இரண்டு ரப்பர் வாங்கினேன். நாலு நாள், கடை விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அழித்தேன்.

எழுத்துகூட இருந்தது, தமிழில். படித்தால் கை நின்றுவிடும் என்று தெரியும். உடைந்த மூக்குப் பாலத்தில் நூல் சுற்றியிருக்கிற என் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழித்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எல்லாம் புகைதானே. துகளையும் ஊதித் தள்ளிப் பெருக்கிவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். தலை நிறையக் கிளிப் குத்தியிருப்பாள். நம்மவள் "கிளிப்பு, கிளிப்பு" என்று சொல்வாளே, வயோலாவில் பக்கத்து நாற்காலி, அவள்.

"ஆன்ட்டி, பையில வேற புக் ஏதாவது இருந்துதா?"

"மூணுதாம்மா. மூணையும் கொடுத்துட்டேனே."

"இல்ல, ஒண்ணுல குருவி பென்சில்ல எல்லாம் போட்டு வெச்சிருப்பா. அதத் தேடறோம்."

"அதுவா? சுத்தமா அழிச்சுட்டேன். புதுசு மாதிரி இருக்கும் பாரு!"

பெருமையாகத்தான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி ஆன்ட்டி" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். அப்புறம் தெருவில் நின்று அழுதாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தேன்.

மறுநாள் அந்த இசைக்குழு மாஸ்டரே வந்தார். கடையிலும் மாஸ்டர், அங்கேயும் மாஸ்டர். இவர் கையில் கத்தரி, அவர் கையில் தாளம் காட்டுகிற குச்சி. அதனால் குச்சி மாஸ்டர் என்று வைத்துக்கொள்கிறேன். திட்டவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காராமலேயே விளக்கினார். ஒரு வரிசையில் ஆறு பேர் வாசித்தால் ஆறு வில்லும் ஒரே பக்கம் போக வேண்டுமாம். எந்த இடத்தில் வில் மேலே, எந்த இடத்தில் கீழே என்று முதல் நாற்காலிக்காரர் புத்தகத்தில் குறி போட, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்களாம். குருவி விடுமுறை முழுக்க உட்கார்ந்து அதைத்தான் போட்டிருக்கிறாள். அந்த இரண்டு வெள்ளைப் புத்தகமும் அவள் போட்டதைப் பார்த்து எழுதுவதற்காகக் காத்திருந்தவை.

"வேற யாராவது போட முடியாதா சார்?" என்று கேட்டேன்.

"போடலாம்மா. போட்டுத்தான் ஆகணும். ஆனா அது வேற கை."

இதைத்தான் இரண்டு மாதமாக எழுதத் தெரியாமல் குழாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் சுவரைத் துடைத்து வைத்திருக்கிறீர்கள். நானும் துடைத்துத்தான் வைத்தேன்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

குருவி அம்மா.

ஜூலை 10

குருவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வரவில்லை. தபால் பெட்டி பூட்டு துருப்பிடித்ததோ என்று எண்ணெய்கூட விட்டேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் பட்டறை ஆபீஸுக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பதில் போடாவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

போன மாதம் ஒரு அம்மாள் பழைய பாவாடையைக் கொண்டுவந்து, "கொஞ்சம் நீளம் விட்டுக் கொடு" என்றாள். மடிப்பைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, எத்தனை தேய்த்தும் பழைய மடிப்பு இருந்த இடம் போகவில்லை. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் கோடு நிற்கிறது. துணிக்கு ஞாபகம் அதிகம் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாவாடையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். "பேய் கீய் பிடிச்சிதா?" என்றார் கத்தரி மாஸ்டர், காற்றோடு.

நம்மவள் பென்சில் பிடிப்பது உங்களுக்குத் தெரியும். உளி மாதிரி பிடிப்பாள். ஒரு பக்கம் எழுத நாலு முனை உடைப்பாள்.

அன்றைக்கே இசைக்குழு மண்டபத்துக்குப் போய்ப் புத்தகத்தைக் கேட்டேன். அவர்கள் புதிதாகக் குறி போட ஆரம்பித்திருந்தார்கள், நல்ல வேளை, வேறொரு புத்தகத்தில். நம் புத்தகத்தை மேசையில் விரித்து, கடையிலிருந்து கொண்டுபோன விளக்கைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்துப் பார்த்தேன். இருந்தது. கரி போய்விட்டது, பள்ளம் போகவில்லை.

எனக்கு அந்த அச்சில் ஒன்றும் தெரியாது. கம்பியில் உட்கார்ந்த எறும்பு மாதிரி இருக்கிறது. குறி தெரியும். வில் மேலே என்றால் ஜாக்கெட்டுக்கு வெட்டுகிற வி கழுத்து. வில் கீழே என்றால் சதுரக் கழுத்தைக் கவிழ்த்துப் போட்டது. எத்தனை ஆயிரம் கழுத்து வரைந்திருப்பேன்? சனிக்கிழமை மதியம் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்து, ஊசிக்கண் பார்ப்பதுபோல் பார்த்து, பள்ளத்தின் மேலேயே பென்சிலை ஓட்டுகிறேன். கிளிப்பு பக்கத்தில் உட்கார்ந்து வயோலாவில் இழுத்துப் பார்த்து, "கரெக்ட்டு ஆன்ட்டி", "இது இல்ல ஆன்ட்டி, திரும்பப் பாருங்க" என்று அதட்டுகிறாள். என்னை இத்தனை அதட்டி இதுவரைக்கும் ஒருத்திதான் பேசியிருக்கிறாள்.

பதினாலு பக்கத்தில் பதிமூன்று வந்துகொண்டிருக்கிறது. மெதுவாக வாசிக்கிற இரண்டாம் பகுதியில் ஒரு பக்கம் மட்டும் வராது. அங்கே எழுத்து அதிகமாக இருந்தது. அதனால் இரண்டு தரம் அழித்தேன். தாளே பஞ்சு மாதிரி எழும்பிவிட்டது. எப்படிச் சாய்த்தாலும் வெறும் பஞ்சு.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

குருவி அம்மா.

ஜூலை 28

குருவி அம்மாவுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். ஆபீஸுக்கு நீ போன் போட்டது பட்டறை முழுக்கத் தெரியும். "அண்ணி விசாரிச்சாங்களாமே" என்று ஒரு வாரம் ஓட்டினார்கள்.

உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் இருந்தது. அப்புறம் எழுதாமல் இருந்தது வேறு காரணத்துக்காக. நீ ஒளிக்காமல் எழுதிவிட்டாய். நான் எழுதவில்லை.

டிசம்பரில் அவள் போன் பண்ணியபோது நான் கத்தினேன். "பரீட்சை வருஷத்துல வயோலாவெல்லாம் என்னத்துக்கு? அந்தக் கட்டையக் கீழ வை" என்றேன்.  உன்னிடம் அவள் இதைச் சொல்லியிருக்கமாட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு படம் அனுப்பினாள். "அப்பா பாருங்க, இந்தப் பக்கம் நானே முடிச்சேன்" என்று எழுதியிருந்தாள். சமாதானத்துக்கு வருகிறாள் என்று தெரிந்தது. கொஞ்ச நாள் கழித்துப் பதில் போடலாம், இப்போதே போட்டால் இளகிவிட்டேன் என்று நினைப்பாள் என்று விட்டுவிட்டேன். பத்தொன்பது நாள் விட்டேன். அப்புறம் உன் போன் வந்தது, காய்ச்சல் என்று. நாலாம் நாள் மறுபடி வந்தது.

அந்தப் படத்தை நான் திறக்கவே இல்லை. தாள் ஒன்று அனுப்பு என்று உன்னைத் தொல்லை பண்ணியது அதற்காகத்தான். அதைத் திறக்காமல் வேறு ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று பார்த்தேன்.

உன் கடிதம் வந்த அன்று திறந்தேன். நீ பஞ்சு என்று எழுதிய பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நடுவில் தடியாக ஒரு கோடு, மேலே 31 என்று அச்சு. சுற்றிலும் நிறைய எழுதியிருக்கிறாள். ஆபீஸில் பெரிதாக அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கீழ் ஓரத்தில் அவள் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அந்த மூலையை மட்டும் வெட்டிவிடாதே.

குருவி அப்பா.

ஆகஸ்ட் 22

குருவி அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். எல்லோரும் என்று கை தானாக எழுதிவிட்டது, இருக்கட்டும்.

அதே பக்கம்தான். கிளிப்பு பார்த்துவிட்டுக் கத்தியதில் குச்சி மாஸ்டர் ஓடிவந்தார். வெட்டவில்லை. விரலில் முத்தம் மட்டும் கொடுத்தேன்.

அந்த 31 என்னவென்று கேட்டுக்கொண்டேன். வயோலாக்காரர்கள் முப்பத்தொரு கட்டம் சும்மா இருக்க வேண்டிய இடமாம். ஒரு கட்டத்துக்கு மாஸ்டர் குச்சியில் நாலு தட்டு. மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள், இவர்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் போச்சு. அதற்கு மேலே நம்மவள், "கை மடியில். அவசரப்படாதே" என்று எழுதியிருக்கிறாள். முடிகிற இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருக்கிறாள்.

"என்னைத்தான் வரைஞ்சிருக்கா" என்றேன்.

கிளிப்பு நெளிந்தாள். "இல்ல ஆன்ட்டி, அது எல்லாரும் போடறதுதான். இங்க தலையத் தூக்கி மாஸ்டரப் பாருன்னு அர்த்தம்."

"ஓகோ" என்றேன். அப்புறம் அவளே படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணாடியின் மூக்குப் பாலத்தில் குறுக்கே மூன்று சின்னக் கோடு. என் முகத்தைப் பார்த்தாள். என் கண்ணாடியில் நூல் சுற்றிய இடத்தைப் பார்த்தாள். "ஐயோ ஆன்ட்டி" என்றாள்.

பதினாலு பக்கமும் முடிந்தது. ஒரே ஓர் இடத்தில் படமும் இல்லை, பள்ளமும் இல்லை. நானாக ஒரு கவிழ்ந்த கழுத்தைப் போட்டுவிட்டேன். ஒத்திகையில் குச்சி மாஸ்டர் அங்கே நிறுத்தி, "இது குருவி போட மாட்டாளே, இங்க மேலதான போகணும்" என்றார். நான் எழுந்து நின்று, "அது நான் போட்டது சார்" என்றேன். அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார். "சரி, கீழயே போங்க. ஒரு இடம் அம்மாவோடது" என்றார்.

கச்சேரி அக்டோபர் பதினாலு. விடுப்புக் கேட்டுப் பாருங்கள். நான் இதுவரை ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. எப்போதும் சனிக்கிழமை, கடையில் கூட்டம் என்று சொல்லிவிடுவேன். கத்தினது நீங்கள். கத்தாமலே போகாமல் இருந்தது நான்.

இடுப்புக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள்.

குருவி அம்மா.

செப்டம்பர் 10

குருவி அம்மாவுக்கு,

சுகம். விடுப்புக் கேட்டேன். ஜனவரியில் எடுத்த பத்து நாளோடு இந்த வருஷக் கணக்கு முடிந்துவிட்டதாம். சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், அவரையும் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தம் முடிய பிப்ரவரி ஆகும்.

நீ போ. கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் போ. பார்த்ததை அப்படியே எழுது. நன்றாக இருந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடாதே.

முட்டிக்கு எண்ணெய் தடவு.

குருவி அப்பா.

அக்டோபர் 17

குருவி அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை முகம் கழுவிவிட்டு வந்து எழுதவில்லை, அப்படியே எழுதுகிறேன்.

போனேன். அறுபது பிள்ளைகள், எல்லோரும் கறுப்பு உடுப்பு. அதில் பதினொன்றுக்குக் கால் மடித்தவள் நான். முதலில் கண் அங்கேதான் போயிற்று. டிரம் அடிக்கிற பையனின் பேன்ட்டில் ஒரு பக்கக் கால் அரை அங்குலம் இறங்கியிருந்தது. அது நம் கடைத் தையல் இல்லை. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இதுதான் கச்சேரி போலிருக்கிறது என்று கைதட்டப்போனேன். பக்கத்து இருக்கை அம்மாள் காதோரம், "இன்னும் ஆரம்பிக்கல, சுருதி சேக்கறாங்க" என்றார். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவளுடைய நாற்காலியைக் காலியாக விட்டு வைப்பார்களோ என்று பயந்துகொண்டே போயிருந்தேன். விடவில்லை. முதல் நாற்காலியில் கிளிப்பு, அவள் பக்கத்தில் இரண்டாம் வரிசைப் பெண், கடைசியில் புதிதாக வந்த ஒருத்தி. ஆறு பேர். எனக்கு மூச்சு வந்தது.

பாட்டு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிய மழை தூரத்தில் பிடித்து வீட்டுக்கு வருவதுபோல் இருந்தது. நான் வயோலாவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வி கழுத்து என்றால் ஆறு வில் மேலே போகிறது. கவிழ்ந்த கழுத்து என்றால் ஆறும் கீழே வருகிறது. சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்து முனையை உடைத்து உடைத்துப் போட்டதெல்லாம் ஆறு பேர் கையில் போய்க்கொண்டிருந்தது. என் இடம் வந்ததும் தெரிந்தது. கீழே போனார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இரண்டாம் பகுதியில் அந்த இடம் வந்தது. ஆறு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். நானும் அவர்களோடு எண்ண ஆரம்பித்தேன். குழல் ஊதுகிறவர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒன்று இரண்டு மூன்றுதான் கேட்டது. இருபதுக்கு அப்பால் ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அவசரப்படாதே என்று சொல்லிக்கொண்டேன். முப்பதாவது கட்டத்தில் வில்லைத் தூக்கித் தயாரானார்கள். முப்பத்தொன்று. ஆறு தலையும் ஒன்றாக நிமிர்ந்தது. அவர்கள் பார்த்தது குச்சி மாஸ்டரைத்தான். ஆனால் என் சீட்டைக் கிளிப்புதான் எடுத்துக் கொடுத்திருந்தாள். அவர் முதுகுக்கு நேர் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு கண்ணும் என்மேல் விழுந்தது. நூல் சுற்றிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன்.

புத்தகத்தைக் கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகளும் அதை வைத்துத்தான் வாசிக்கப்போகிறார்களாம். அழிக்கமாட்டோம் என்று குச்சி மாஸ்டர் அட்டையிலேயே எழுதிவிட்டார், என்னைப் பார்த்துக்கொண்டே.

உங்களுக்காக ஒன்று செய்தேன். கடையில் துணிக்கு மாதிரி வெட்டுகிற மெல்லிய தாளை அந்தப் பதினாலு பக்கத்தின் மேல் வைத்து, அச்சை விட்டுவிட்டு, அவள் போட்டதை மட்டும் எடுத்திருக்கிறேன். கழுத்துகள், எழுத்துகள், கண்ணாடி. ஒரு நீளத் தாளாக ஒட்டியிருக்கிறேன், சுருட்டி அனுப்புகிறேன். கோடு என் கையால் வந்தது, வழி அவளுடையது. சுவரில் இடம் போதுமா என்று பாருங்கள்.

குருவி அம்மா.

நவம்பர் 8

குருவி அம்மாவுக்கு,

சுகம். சுருள் கசங்காமல் வந்து சேர்ந்தது. சுவரில் இடம் போதவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் தன் காலண்டரைக் கழற்றிக் கொடுத்தான், அவன் பக்கமும் நாலு கழுத்து போயிருக்கிறது.

முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் பற்றவைக்காத வெல்டிங் குச்சி ஒன்றைக் கையில் எடுத்து, ஞாபகத்திலிருந்து முதல் வரியைப் போட்டுப் பார்த்தேன். மேலே, கீழே, கீழே, மேலே. "அண்ணே, பத்தவைக்காம என்ன பண்றீங்க?" என்றான் ஒருத்தன். "போடா, கச்சேரி நடக்குது" என்றேன். அப்புறம் எல்லோருக்கும் சொன்னேன். அவளைப் பற்றி அன்றைக்குத்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அந்தக் கட்டையைக் கீழே வை என்று நான் கத்தியதையும் சொன்னேன்.  ஒருத்தன் டீ வாங்கி வந்து கொடுத்தான்.

முப்பத்தொன்று எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் இருபத்திரண்டில் நின்றுவிட்டேன். மறுநாளும் அங்கேதான். நேற்று முழுக்க எண்ணினேன்.

ஒன்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணட்டுமா? வார்த்தை வராது, தெரியும். பேச வேண்டாம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவள் போட்டபடி முப்பத்தொரு கட்டம் எண்ணுவோம். முடிந்ததும் யாருக்குக் குரல் வருகிறதோ அவர் பேசலாம். வராவிட்டால் மறுபடி எண்ணலாம்.

குருவி அப்பா.

நவம்பர் 19

குருவி அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்து நம்புகிறேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு காலை பதினொரு மணி. கடை விடுமுறை. குழாயை இறுக்கி மூடிவிட்டு உட்கார்ந்திருப்பேன், அதன் சொட்டு எண்ணிக்கையில் கலந்துவிடும். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

ஒரு கட்டத்துக்கு நாலு தட்டு, மறந்துவிடாதீர்கள். உங்களுக்கு எல்லாவற்றிலும் வேகம். இருபத்திரண்டுக்கு அப்புறம் ஓடிவிடப் பார்ப்பீர்கள். ஓடாதீர்கள். மேலேயே எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
கையை மடியில் வைத்துக்கொண்டு,
குருவி அம்மா.